காத்திருப்புக்கும் எண்ணெய் செலவாகிறது

2024 நவம்பர் 30, சனிக்கிழமை மாலை. முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு இளைஞன் ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். பி.காம். படித்தவன். ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மூன்று வருடமாகக் கார்த்திகை பிறந்ததும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகிறான். மாசி மாதம் ஊர் திரும்புகிறான்.

"ஒரு ராத்திரி மட்டும் தங்கிக்கிறேன் மாமா. நாளைக்குச் சாயந்திரம் மேஸ்திரி சொன்ன இடத்துக்குப் போயிடுவேன்" என்றான்.

அந்த ஒரு ராத்திரி பத்து ராத்திரியாக நீண்டது. அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அன்றிரவுதான் ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதாகச் செய்தி வந்தது. பெங்களூரிலும் விடாத தூறல். புயலின் மிச்சம் குடகு வரைக்கும் போய்ப் பெய்தது. காப்பித் தோட்டத்தில் அறுவடை நேரத்து மழை பெரிய கேடு. பழுத்த பழம் உதிர்ந்துவிடும். பறித்த பழத்தைக் களத்தில் காயவைக்க முடியாது. ஆகவே தோட்டக்காரர் மேஸ்திரியிடம், "ஆளைக் கொண்டுவராதே, சொல்லும்போது வா" என்றார். மேஸ்திரி இவர்களிடம், "அங்கேயே இருங்கள், எந்த நேரமும் கூப்பிடுவேன்" என்றார். வாய்ப்பேச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. யார் கையிலிருந்து காசு போகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என் தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவன் வராந்தாவில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "உன் வயசில நான் ஷெட்டிலே நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து வீட்டு வேலையும் பார்த்தேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மத்தியானம் நனைந்துபோய்த் திரும்பினான். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முனையில் போய் நின்றிருக்கிறான்; மழை நாளில் யாரும் ஆள் எடுக்கவில்லை. "பையன் சும்மா உக்காந்திருக்கான்னு நினைச்சீங்களா? ரெண்டு நாளா அங்கதான் போய் நின்னுட்டு வர்றான்" என்று என் மனைவி சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று மாலை அவனையே கேட்டேன்: "ஊருக்குப் போயிட்டு, மழை விட்டதும் வரக்கூடாதா?"

"போக ஒரு செலவு, வர ஒரு செலவு மாமா. அது போனாப் போகுது. மேஸ்திரி கூப்பிடும்போது நான் ஊர்ல இருந்தா, வேற ஆளை ஏத்திக்கிட்டுப் போயிடுவார். அப்புறம் இந்த வருஷமே போச்சு."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குப் பழைய எஞ்சின்கள் ஞாபகத்துக்கு வந்தன. மெக்கானிகல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் நம் ரயில்களை இழுத்தது டபிள்யூ.டி.எம்.-2 வகை எஞ்சின். பதினாறு சிலிண்டர், 2600 குதிரைசக்தி, 5000 லிட்டர் டாங்க். சிக்னலுக்காகவும் சரக்குக்காகவும் அது மணிக்கணக்கில் யார்டில் நிற்கும். நிற்கும்போதும் அணைக்கமாட்டார்கள். அணைத்தால் பிரேக் காற்று இறங்கிவிடும். பாட்டரி பலவீனமாக இருந்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம். அதனால் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஐடிலிங் என்போம். ஒரு மணி நேரம் இப்படிச் சும்மா ஓடினால் சுமார் 25 லிட்டர் டீசல் தீரும். எட்டு மணி நேரம் நின்றால் 200 லிட்டர். ஒரு பெட்டிகூட ஓர் அடி நகர்ந்திருக்காது.

என் மருமகன் நிலைமையும் இதுதான். அணைத்துவிட்டுப் போக முடியாது. போனால் மறுபடி கிளம்ப முடியாது. ஆகவே ஓடிக்கொண்டே நிற்கிறான்.

அவன் ஒரு சின்ன நோட்டில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் வீட்டில் சாப்பாடு இருந்ததால் அவனுக்குச் செலவு குறைவு. அவனோடு வந்த நான்கு பேர் ஹூடி பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அதில் ஒரு கணவன், மனைவி. சாப்பாடு, டீ, கொட்டகை வாடகை, செல்போன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒன்பது நாளைக்கு 1800. அந்த வருடம் இவர்களுக்குப் பேசிய கூலி கிலோவுக்கு ஐந்து ரூபாய். அதாவது 360 கிலோ பழம் பறித்தால்தான் காத்திருந்த கடன் தீரும். நல்ல நாளில் ஓர் ஆள் 70, 80 கிலோ பறிக்கலாம் என்றான். ஆக, முதல் ஐந்து நாள் உழைப்பு காத்திருப்புக்கே போயிற்று. இதில் அந்த ஒன்பது நாளில் போன கூலியைச் சேர்க்கவில்லை. ஊரில் வீட்டுச் செலவுக்கென்று வாங்கி வைத்த முன்பணமும் தனி. அதுவும் கூலியில்தான் பிடிபடும்.

இனி எரிபொருள் விலைக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. பெட்ரோல் பங்கில் அவன் நின்றதே இல்லை. ஆனாலும் அவன் நோட்டில் பாதி வரி டீசலால் எழுதப்பட்டது என்பேன். குடகு மாவட்டத்தில் இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. தருமபுரியிலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து மைசூர் வரை ரயிலில் குறைந்த கட்டணத்தில் வந்துவிடலாம். மைசூருக்கு அப்பால் பஸ். குஷால்நகருக்கு அப்பால் ஜீப்பு அல்லது பிக்கப் வண்டி. அதன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து இவர்கள்தான் கொடுக்க வேண்டும். மைசூர் பஸ்ஸில் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு 2023 ஜூன் முதல் கட்டணம் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அந்தத் தருமபுரிப் பெண் டிக்கெட் வாங்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது இந்த மாநிலத்து மக்களின் வரிப்பணம். திட்டமும் நல்ல திட்டம். வேலை தேடி எல்லை தாண்டுகிறவருக்கு இரண்டு பக்கத்துச் சலுகையும் எட்டாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

டீசல் விலை போகும் வழியைக் கொஞ்சம் பார்ப்போம். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரிலும் நீக்கியது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை வந்தது. உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலுமாக மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் ஏற்றியது. உலகில் இறங்கியது நம் பங்கில் இறங்கவில்லை. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலுமாக அதே 13 ரூபாயையும் 16 ரூபாயையும் இரண்டு தவணையில் குறைத்தார்கள். அதற்குள் கச்சா எண்ணெய் ஏறிவிட்டிருந்தது. மாநில அரசும் தன் பங்குக்கு 2024 ஜூனில் பெட்ரோல், டீசல் இரண்டின் விற்பனை வரியையும் உயர்த்தி, லிட்டருக்குச் சுமார் 3 ரூபாய் கூட்டியது. 2025 ஏப்ரலில் டீசலுக்கு மேலும் 2 ரூபாய். இதற்கு நடுவே 2025 ஜனவரி 5 முதல் கர்நாடக அரசு பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. டீசல் செலவு கூடியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே டிசம்பரில் ஒரு கட்டணத்தில் போன இவர்கள், பிப்ரவரி கடைசியில் இன்னொரு கட்டணத்தில் திரும்பினார்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மட்டும் ஐந்து ரூபாயாகவே இருந்தது.

அரசுக்கும் வருமானம் வேண்டும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்த வரியில்தான் நடக்கின்றன என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். காரில் போகிற நம்மைப் போன்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறோம். லாரிக்காரர் வாடகையில் ஏற்றிவிடுகிறார். காய்கறிக்காரர் தக்காளியில் ஏற்றிவிடுகிறார். ஒவ்வொருவரும் தன் தோளில் விழுந்ததை அடுத்தவர் தோளுக்கு மாற்றிவிட முடிகிறது. வரிசையின் கடைசியில் நிற்கிறவன் யாரிடம் மாற்றுவான்? கூலியை அவன் நிர்ணயிப்பதில்லை. காத்திருக்கும் நாளிலோ அவனுக்குக் கூலியே இல்லை. சாப்பாடும் டீயும் மட்டும் ஏறிய விலைக்கு வாங்க வேண்டும்.

ரயில்வேயில் நாங்கள் காத்திருப்பை என்ன செய்தோம்? அதைக் கணக்கில் எடுத்தோம். எந்த எஞ்சின் எத்தனை மணி நேரம் சும்மா நின்றது, எவ்வளவு குடித்தது என்று எழுதிவைத்தோம். எழுதிய பிறகுதான் வழி பிறந்தது. பிற்காலத்தில் சில எஞ்சின்களில் ஒரு சின்னத் துணை எஞ்சினைப் பொருத்தினார்கள். பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு இதை ஓட்டினால் பாட்டரியும் பிரேக் காற்றும் குறையாது. மணிக்கு 25 லிட்டருக்குப் பதில் மூன்று லிட்டர் போதும். இரும்புக்குச் செய்தது இது. ஆட்களுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வெளியூரில் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் டிரைவருக்கும் கார்டுக்கும் ரன்னிங் ரூம் உண்டு. கட்டில், கொசுவலை, சமையல்காரர் உண்டு. வெளியூர் வேலைக்குப் போனால் எனக்குப் படிக்காசு உண்டு. நான் நைட் ஷிஃப்ட் பார்த்ததைப் பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பெருமைக்குப் பின்னால் மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. மருமகனிடம் பேசும்போது அதை நான் மறந்துவிட்டேன்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில் மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இதில் எது கூடுதலோ அது இடப்பெயர்வுப் படியாக இருந்தது. போகவர வழிச்செலவும், பயண நாளுக்குக் கூலியும் இருந்தன. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்குத்தான் இது பொருந்தியது. தோட்டத்தில் கேட்டால் "தானாக வந்தார்கள்" என்பார்கள். மேஸ்திரிக்கு ஒப்பந்தக்காரர் என்ற பெயரே கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், தானாக வந்தவரும் புலம்பெயர் தொழிலாளர் என்று ஏற்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். போகவரப் பயணப்படி இருக்கிறது. பழைய இடப்பெயர்வுப் படி இல்லை. "வா" என்று அழைத்துவிட்டு நடுவழியில் நிறுத்திவைத்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்பது அன்றும் எழுதப்படவில்லை, இன்றும் எழுதப்படவில்லை.

எங்கள் தெருவிலேயே இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பையன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அந்த நாடு 2024 முதல் ஆண்டுக்கு ஆயிரம் இந்திய இளைஞர்களுக்கு வேலையும் சுற்றுலாவும் சேர்ந்த விசாவைக் குலுக்கல் முறையில் தருகிறது. அவனும் முதுகுப் பையோடு ஒரு விடுதியில் தங்கி, பழம் பறிக்கும் சீசனுக்குக் காத்திருந்தான். அவன் தாத்தா அதைப் பூங்காவில் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். "உலக அனுபவம்" என்றார். நாங்களும் ஆமோதித்தோம். இருவரும் முதுகுப் பைக்காரர்கள்தான், இருவரும் பழம் பறிக்கத்தான் காத்திருந்தார்கள். ஒருவனுடைய காத்திருப்பு அனுபவமாகவும் மற்றவனுடையது சோம்பலாகவும் எனக்குத் தெரிந்தது ஏன்? அந்த நாட்டில் எடைக்குக் கூலி வாங்கிப் பழம் பறிக்கிறவருக்கும், மணிக்கு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற விதி 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அங்கேயும் காத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. ஆனால் வேலை கிடைத்த பிறகு காலுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது.

"மழைக்கு நான் என்ன செய்வேன்?" என்று தோட்டக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மழைக்குத் தொழிலாளியும் பொறுப்பல்ல. யாருடைய குற்றமும் இல்லாத நஷ்டத்தை, தாங்கக்கூடியவர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதுதானே முறை? அந்தப் பருவத்தில் காப்பி விலை உலகச் சந்தையில் என்றும் இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியது. அழைத்த நாளிலிருந்து தோட்டத்தில் இறக்கும் நாள்வரை ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு கொடுத்திருந்தால் எந்தத் தோட்டமும் மூழ்கியிருக்காது. அப்படி ஒரு காசு தன் கையிலிருந்து போகும் என்று தெரிந்திருந்தால், வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி ஆளை அழைத்திருப்பார். அழைக்கிறவருக்கு ஒரு விலை இருந்தால் அழைப்பும் ஒழுங்காகும். ரயில்வே கண்ட அனுபவமும் இதுதான்: டீசலைக் கணக்கில் எழுதிய பிறகே எஞ்சினைச் சும்மா நிறுத்துவது குறைந்தது.

அரசும் தோட்டங்களும் செய்யும்போது செய்யட்டும். நாம் என்ன செய்யலாம்? நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் யாரோ ஒரு மாமா வீட்டில், யாரோ ஒரு ஊர்க்காரர் அறையில்தான் படுத்திருக்கிறோம். நான் 1981இல் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, வேலையில் சேரும் உத்தரவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அல்சூரில் ஒரு குடும்பம் எனக்குச் சோறு போட்டது. என்னைச் சோம்பேறி என்று அவர்கள் சொன்னதில்லை.

எனவே சங்கத்துக்கு என் யோசனை இது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியில் பெங்களூரில் நின்றுபோகிறவர்களுக்காக ஒரு பட்டியல் வைப்போம். யார் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, யாரால் ஒரு வேளைச் சாப்பாடு தர முடியும் என்று அதில் எழுதுவோம். பெரிய கட்டடமோ நன்கொடை வசூலோ வேண்டாம். நம் ரன்னிங் ரூம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. கூடவே, தொழிலாளர் துறைக்கு ஒரு மனுவும் கொடுப்போம். அழைத்து நிறுத்திவைத்த நாளையும் பயண நாளாகக் கருத வேண்டும் என்ற ஒரே கோரிக்கை போதும்.

டிசம்பர் 10ஆம் தேதி விடியற்காலையில் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. பத்தே நிமிடத்தில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலில் நின்று, "சிரமம் கொடுத்துட்டேன் மாமா" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அடுத்த வருஷமும் நேரா இங்கேயே வா மாப்ளே" என்று மட்டும் சொன்னேன்.

பட்டியல் தொடங்கும்போது எங்கள் வீட்டு மாடி அறையை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.